வக்கீல் கட்டணம்: பேசி முடிப்பது முதல் எதிர்த்தரப்பிடம் வசூலிப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நிலத் தகராறோ, கடன் பாக்கியோ, விவாகரத்தோ, எதற்காக வழக்கறிஞரைப் பார்க்கப் போனாலும் ‘மொத்தம் எவ்வளவு ஆகும்?’ என்ற கேள்விக்கு நேரடியான பதில் கிடைப்பது அரிது. இதற்குக் காரணம் வழக்கறிஞரின் தந்திரம் மட்டுமன்று. வழக்கு எத்தனை ஆண்டு நடக்கும், எதிர்த்தரப்பு எத்தனை இடைக்கால மனுக்களைப் போடும், மேல்முறையீடு வரை போகுமா என்பதெல்லாம் தொடக்கத்தில் எவருக்கும் தெரியாது. ஆனால் மொத்தத் தொகை தெரியாவிட்டாலும், அந்தத் தொகை எந்தக் கணக்கில் சேரும் என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட முடியும். கட்டணத் தகராறுகளில் பெரும்பாலானவை தொகை அதிகம் என்பதால் வருவதில்லை. எது கட்டணம், எது செலவு, எது எப்போது கொடுக்கப்பட்டது என்று எழுதி வைக்காததால் வருகின்றன. தமிழ்நாட்டின் உரிமையியல் வழக்குகளை முதன்மையாக மனத்தில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது.

சட்டம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

வழக்கறிஞர் தம் கட்சிக்காரரிடம் அதிகபட்சம் இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு விதிக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. வழக்கறிஞரும் கட்சிக்காரரும் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்து கட்டணத்தை முடிவு செய்துகொள்ளலாம் என்று 1926ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் கட்டணச் சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. அப்படி முடிவு செய்த கட்டணம் வராவிட்டால் வழக்கறிஞர் வழக்குத் தொடுத்து வசூலிக்கலாம் என்றும், எதுவும் முடிவு செய்யப்படவில்லையென்றால் தோற்றவர் வென்றவருக்குக் கொடுக்க வேண்டிய வழக்கறிஞர் கட்டணத்தை நீதிமன்றம் எந்த விதிப்படி கணக்கிடுமோ அதே விதிப்படி கணக்கிட்டுக் கேட்கலாம் என்றும் 4ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டாவது பகுதி கட்சிக்காரருக்குச் சாதகமானது. வாய்ப்பேச்சில் எதுவுமே முடிவாகாத நிலையில், வழக்கறிஞர் பின்னாளில் கேட்கும் தொகை எதுவாக இருந்தாலும், சட்டப்படி அவருக்குச் சேர வேண்டியது அந்த விதிகளின் அளவுதான். அந்த அளவோ இன்றைய நடைமுறைக் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவு.

அந்த விதிகள் தமிழ்நாட்டில் 1973ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் கட்டண விதிகள் எனப்படுகின்றன. வழக்கின் மதிப்புக்கு ஏற்பக் கட்டணத்தைக் கணக்கிடும் விதிகள் இவை. ‘கவர்ன்மென்ட் ரேட் இருக்கிறதாமே’ என்று சிலர் கேட்பது இதைப் பற்றித்தான். ஆனால் உங்கள் வழக்கறிஞர் உங்களிடம் வாங்குவதை அது கட்டுப்படுத்துவதில்லை. தோற்றவரிடமிருந்து வென்றவருக்கு வாங்கித் தரப்படும் தொகையை மட்டுமே அது கட்டுப்படுத்துகிறது. இந்த வேறுபாட்டை இப்போதே மனத்தில் வாங்கிக்கொண்டால், வழக்கு முடிந்து தீர்ப்பாணை கைக்கு வரும்போது ஏமாற்றம் குறையும்.

இந்திய வழக்கறிஞர் கழகத்தின் நடத்தை விதிகளும் உண்டு. வழக்கறிஞர் தம் தொழில் தகுதிக்கும் வழக்கின் தன்மைக்கும் ஏற்ற கட்டணத்தில் வழக்கை ஏற்க வேண்டும் என்று அவை பொதுவாகச் சொல்கின்றன. அதிகம் பேசப்படாத ஒரு விதியும் அவற்றில் இருக்கிறது: கட்சிக்காரர் கொடுக்க வசதியுள்ளவராக இருக்கும்போது, நீதிமன்ற விதிகளின்படி கணக்கிடப்படும் கட்டணத்துக்கும் குறைவாக வழக்கறிஞர் வாங்கக் கூடாது. தொழிலில் விலைக் குறைப்புப் போட்டி வந்துவிடக் கூடாது என்ற பழைய எண்ணத்தில் பிறந்த விதியாகத்தான் இதைக் கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் படி: எந்த முறையில் கட்டணம் என்று கேட்பது

கீழமை நீதிமன்றங்களில் வழக்கமாக நடப்பது மூன்று முறைகள். முழு வழக்குக்கும் சேர்த்து ஒரு தொகை பேசி, பாதியை முன்பணமாகவும் மீதியை விசாரணை தொடங்கும்போதும் வாங்குவது ஒன்று. நிலைவாரியாக, அதாவது வழக்குரை தாக்கல் செய்யும்போது இவ்வளவு, தடையுத்தரவு மனுவுக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு, வாதத்துக்கு இவ்வளவு என்று வாங்குவது இன்னொன்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு தொகை என்று வாங்குவது மூன்றாவது. உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் மனுவுக்கு இவ்வளவு என்பதே வழக்கம். மணிக்கணக்கில் கட்டணம் வாங்குவது பெருநகரங்களின் சட்ட நிறுவனங்களிலும் நிறுவன வழக்குகளிலும் மட்டுமே காணப்படுவது. சாதாரணக் கட்சிக்காரர் அதைச் சந்திப்பது அபூர்வம்.

இவற்றில் நிலைவாரி முறைதான் இரு தரப்புக்கும் நியாயமானது என்பது என் கருத்து. முழுத் தொகையையும் ஆரம்பத்திலேயே வாங்கிவிட்டால், ஏழாவது ஆண்டில் அந்த வழக்கில் கட்டணம் எதுவும் மிச்சம் இருக்காது, ஆர்வமும் குறைந்துவிடும். வாய்தாவுக்கு இவ்வளவு என்றாலோ, வழக்கு தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் பணம் கைமாறுகிறது. வேறு வழியில்லாமல் வாய்தா முறைக்கு ஒப்புக்கொள்ள நேர்ந்தால், ‘வழக்கு உண்மையில் நடந்த நாளுக்கு மட்டும், நீதிபதி விடுப்பு, நீதிமன்றப் புறக்கணிப்பு, வெறும் ஒத்திவைப்பு ஆகிய நாள்களுக்கு இல்லை’ என்று பேசிக்கொள்ள வேண்டும். வழக்கு அன்றைக்கு நடந்ததா என்பதை யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒன்று உண்டு. இ-கோர்ட்ஸ் இணையதளத்திலோ செயலியிலோ அந்த எண்ணைக் கொடுத்தால், எந்தத் தேதியில் எதற்காக வழக்கு ஒத்திவைக்கப்பட்டது என்பது வரிசையாகத் தெரியும். வழக்கு எண் விழுந்தவுடன் இந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் முதல் வேலை.

மூத்த வழக்கறிஞர் என்று உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ அறிவித்தவர்களின் நிலை வேறு. அவர்கள் வக்காலத்து (கட்சிக்காரர் சார்பில் வழக்கு நடத்த அதிகாரம் தரும் பத்திரம்) தாக்கல் செய்யக் கூடாது, கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கை வாங்கவும் கூடாது. உங்கள் வழக்கறிஞர்தான் அவரை அமர்த்துவார். அவருக்கான தொகையும் உங்கள் வழக்கறிஞர் வழியாகத்தான் போகும். ‘சீனியரை வைக்கலாம்’ என்ற பேச்சு வரும்போது, அந்தத் தொகை எவ்வளவு, எத்தனை நாள் வாதத்துக்கு, அவர் அன்று வர முடியாவிட்டால் அது என்னவாகும் என்ற மூன்றையும் கேட்டுவிட வேண்டும்.

இரண்டாம் படி: கட்டணம் வேறு, செலவு வேறு

இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி வழக்கறிஞரின் உழைப்புக்கு. மற்றொரு பகுதி நீதிமன்றக் கட்டணம், பேட்டா எனப்படும் அழைப்பாணைக் கட்டணம், டைப்பிங், ஜெராக்ஸ், சான்றிட்ட நகல், ஆணையர் கட்டணம், குமாஸ்தாவுக்குக் கொடுப்பது என்று வெளியே போவது. ‘ஐம்பதாயிரம் கொடுத்தேன்’ என்று கட்சிக்காரர் சொல்வார், ‘அதில் பாதிக்கு மேல் கோர்ட் ஃபீஸ்’ என்று வழக்கறிஞர் சொல்வார். இருவரும் உண்மையே சொல்லிக்கொண்டு சண்டையிடும் இடம் இது.

இவற்றில் மிகப் பெரிய செலவான நீதிமன்றக் கட்டணம் ரகசியம் ஏதுமில்லாதது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணங்கள் மற்றும் வழக்குகள் மதிப்பீட்டுச் சட்டத்தின்படி, பணம் வசூலிக்கும் வழக்கில் கேட்கும் தொகைக்கு 7.5 சதவீதமாக இருந்த கட்டணம் 2017இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ₹6 லட்சம் கடனை வசூலிக்க வழக்குத் தொடுத்தால் ₹18,000 கட்ட வேண்டும். அதற்கு நீதிமன்றப் பதிவு இருக்கும். ஆகவே இந்தத் தொகையைத் தனியாகக் கொடுத்து, கட்டியதற்கான நகலைக் கேட்டு வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நடத்தை விதிகளும் இதையே கோருகின்றன. கட்சிக்காரரிடம் வாங்கும் பணத்துக்கு வழக்கறிஞர் கணக்கு வைக்க வேண்டும். வாங்கிய தொகை கட்டணத்துக்கா செலவுக்கா என்பதைக் கணக்கில் காட்ட வேண்டும். செலவுக்கென்று வாங்கியதைக் கட்சிக்காரரின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி கட்டணத்துக்கு மாற்றிக்கொள்ளக் கூடாது. கட்சிக்காரர் கேட்டால், நகலெடுக்கும் செலவைப் பெற்றுக்கொண்டு கணக்கின் நகலைத் தர வேண்டும். கட்சிக்காரருக்கு அவர் கடன் கொடுக்கவும் கூடாது. தம்மிடம் உள்ள கட்சிக்காரர் பணத்தைத் தமக்குக் கொடுத்த கடனாக மாற்றிக்கொள்ளவும் கூடாது.

ஜி.எஸ்.டி. பற்றி ஒரு வார்த்தை. தனி வழக்கறிஞர் ஒருவர், தொழில் நடத்தாத சாதாரணத் தனிநபருக்கு வழங்கும் சட்டச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. குறிப்பிட்ட வரவு செலவைத் தாண்டிய வணிக நிறுவனமாக நீங்கள் இருந்தால், வரியை நீங்களே நேரடியாக அரசுக்குச் செலுத்த வேண்டும். இரண்டு நிலையிலும் வழக்கறிஞரின் ரசீதில் 18 சதவீதம் கூட்டப்பட்டிருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

மூன்றாம் படி: பேரம் பேசுவது, எழுதி வாங்குவது

தொகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதைவிட, வேலையின் எல்லையைக் குறிக்கச் சொல்லிக் கேட்பது அதிகப் பயன் தரும். இந்தக் கட்டணத்தில் மறுஆய்வு மனுக்கள் சேருமா, மேல்முறையீடு சேராதென்றால் அதற்கு யார், தீர்ப்பு வந்தபின் அதை நடைமுறைப்படுத்தக் கோரும் நிறைவேற்று மனு இதில் அடங்குமா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. தீர்ப்பு வாங்குவதோடு வேலை முடிந்ததென வழக்கறிஞர் கருதுவார். பணமோ நிலமோ கைக்கு வருவதுதான் முடிவு எனக் கட்சிக்காரர் கருதுவார். நிறைவேற்று மனு தனி வழக்குப் போலவே ஆண்டுக்கணக்கில் நடக்கக்கூடியது என்பதால் இந்த இடைவெளி பெரியது. நீதிமன்றத்தில் யார் நேரில் நிற்பார், அவரா, ஜூனியரா என்பதையும் கேட்கலாம். அனுபவமுள்ள வழக்கறிஞர் எவரும் இந்தக் கேள்விகளால் புண்படமாட்டார். புண்படுகிறவரிடம் வழக்கை ஒப்படைக்கும் முன் இன்னொருவரையும் பார்ப்பது நல்லது.

இதற்குப் பத்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு பக்கக் கடிதமோ மின்னஞ்சலோ வாட்ஸாப் செய்தியோ போதும். ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: ‘ஐயா, இன்று பேசியபடி, மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவிருக்கும் பாகப்பிரிவினை வழக்குக்குத் தங்கள் கட்டணம் ₹60,000. இதில் வழக்குரை தாக்கலின்போது ₹20,000, சாட்சி விசாரணை தொடங்கும்போது ₹20,000, வாதத்தின்போது ₹20,000. நீதிமன்றக் கட்டணம், பேட்டா, நகல் செலவுகள் தனி; அவை ஏற்படும்போது கணக்குடன் தரப்படும். மேல்முறையீடும் நிறைவேற்று மனுவும் இதில் சேரா. முன்பணம் ₹20,000 இன்று யு.பி.ஐ. மூலம் அனுப்பியுள்ளேன்.’ இந்தச் செய்திக்கு ‘சரி’ என்று ஒரு பதில் வந்தாலே, பின்னாளில் தகராறு வரும்போது பாதி விஷயம் தீர்ந்துவிடும். பணத்தை எப்போதும் வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கமாகக் கொடுக்க வேண்டியிருந்தால், அன்றே ‘இன்று இவ்வளவு கொடுத்தேன்’ என்று ஒரு செய்தி அனுப்பி வையுங்கள்.

வக்காலத்தில் கையெழுத்திடுமுன் அதைப் படிக்க வேண்டும். அச்சிட்ட வக்காலத்துப் படிவங்கள் பலவற்றில் சமரசம் செய்துகொள்ளவும், வழக்கை வாபஸ் பெறவும், நீதிமன்றத்திலிருந்து பணம் பெறவும் வழக்கறிஞருக்கு அதிகாரம் கொடுக்கும் வரிகள் இருக்கும். அந்த அதிகாரம் கொடுக்க விருப்பமில்லையெனில் வரியை அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்திடலாம். வெற்று முத்திரைத்தாள், தொகை எழுதாத காசோலை, ப்ரோநோட்டு ஆகியவற்றில் கையெழுத்து கேட்டால் எந்தக் காரணம் சொல்லப்பட்டாலும் போடக் கூடாது.

ஜெயித்தால் சதவீதம் என்ற பேச்சு

அமெரிக்காவில் விபத்து வழக்குகளில், வென்றால் இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கு வழக்கறிஞருக்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்ற ஏற்பாடு சட்டப்படி நடக்கிறது. இந்தியாவில் அது தடை செய்யப்பட்டது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் பலனில் பங்கு கேட்பதையும் இந்திய வழக்கறிஞர் கழக நடத்தை விதிகளின் 20ஆம் விதி வெளிப்படையாகத் தடுக்கிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தம் பொதுக்கொள்கைக்கு எதிரானது என்பதால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி செல்லாது.

தடை இருந்தும் மோட்டார் வாகன விபத்து வழக்குகளிலும் நில ஆர்ஜித இழப்பீட்டு வழக்குகளிலும் இது நடக்கிறது என்பது நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் அறிந்தது. கையில் பணமில்லாத குடும்பத்துக்கு வேறு வழி என்ன என்ற நியாயமும் இதில் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் மறுபக்கத்தை உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர் 5ஆம் தேதி தெலங்கானா வழக்கு ஒன்றில் பார்த்தது. விபத்தில் கணவரை இழந்த பெண் இழப்பீடு பெற்று, வழக்கறிஞருக்கு ₹10 லட்சம் கொடுத்த பின்னும், மேலும் ₹3 லட்சத்துக்குக் காசோலை எழுதி வாங்கப்பட்டது. அது பணமின்றித் திரும்பியதும் அவர் மீதே காசோலை மோசடி வழக்குப் போடப்பட்டது. சதவீதக் கணக்கில் கேட்கப்பட்ட கட்டணம் சட்டப்படி வசூலிக்கத்தக்க கடனே அன்று எனக் கூறி, அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டத் தொழிலில் கட்டணத்தை ஒழுங்குபடுத்தச் சட்டம் கொண்டுவருவது பற்றி அரசு சிந்திக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறியது. ஆகவே சதவீதத்துக்கெனக் காசோலையில் கையெழுத்திட்டு அகப்பட்டுக்கொண்டவர்களுக்குத் தப்பும் வழி இருக்கிறது. அதே நேரத்தில், பேசி முடித்த நியாயமான கட்டணத்துக்குக் கொடுத்த காசோலை திரும்பினால் இந்தத் தீர்ப்பு காப்பாற்றாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமே இல்லாதவர்கள் சதவீதப் பேச்சுக்குள் போவதற்கு முன் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுக வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் அதிகார அமைப்புகள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே உள்ளவர்கள் ஆகியோருக்கு வழக்கறிஞரையும் நீதிமன்றச் செலவையும் அரசே ஏற்கும். இந்தப் பட்டியலில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அலுவலகம் உண்டு. தொலைபேசி எண் 15100.

நான்காம் படி: தகராறு வந்தால்

முதலில் செய்ய வேண்டியது கணக்குக் கேட்பது, சண்டை அல்ல. வாங்கிய தொகை, செலவழித்த தொகை, கட்டணமாக எடுத்துக்கொண்ட தொகை ஆகியவற்றின் விவரம் வேண்டும் என்று தேதியிட்ட கடிதம் எழுதி, ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்ப வேண்டும். கணிசமான தகராறுகள் இந்தக் கடிதத்துடனேயே பேச்சுவார்த்தைக்கு வந்துவிடும்.

அவர் மீது நம்பிக்கை போய்விட்டால் வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளக் கட்சிக்காரருக்கு முழு உரிமை உண்டு. வழக்கமான முறை, பழைய வழக்கறிஞர் வக்காலத்தில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவது. பாக்கியைக் காட்டி அவர் கையெழுத்திட மறுத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 3ஆம் கட்டளை 4ஆம் விதியின்கீழ் நீதிமன்றத்தின் அனுமதி கோரி மனுத் தாக்கல் செய்யலாம். கட்டண பாக்கி இருக்கிறது என்பதற்காகக் கட்சிக்காரர் தமக்குப் பிடிக்காத வழக்கறிஞரோடு கட்டிப்போடப்படுவதில்லை. அதே போல, வழக்கறிஞர் தாமாக விலகுவதானால் போதிய காரணமும் முன்னறிவிப்பும் வேண்டும். வேலை செய்யாத பகுதிக்கான கட்டணத்தைத் திருப்பித் தரவும் வேண்டும்.

கோப்பு விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. ‘பாக்கியைக் கொடுத்தால்தான் கட்டைத் தருவேன்’ என்ற வாக்கியத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000 ஆகஸ்டு 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்தது. மத்தியப் பிரதேசத்தில் ஒரு கூட்டுறவு வங்கியின் சட்ட ஆலோசகராக இருந்த வழக்கறிஞர், ₹97,100 கட்டண பாக்கிக்காக வங்கியின் வழக்குக் கோப்புகளைத் தர மறுத்தார். கோப்புகள் விற்று ஈடுகட்டிக்கொள்ளும் சரக்கு அல்ல, அவற்றின் மீது வழக்கறிஞருக்குப் பிடிப்புரிமை இல்லை, கட்டணம் வேண்டுமானால் வழக்குத் தொடுத்து வசூலிக்கட்டும் என்று நீதிமன்றம் கூறியது. அவ்வாறு பிடித்து வைத்திருப்பது தொழில் ஒழுங்கீனம் என்றும் தீர்ப்பு வந்தது. கட்டைக் கேட்கும் கடிதத்தில் மூல ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிட வேண்டும்: கிரையப் பத்திரம், பட்டா, கடன் பத்திரம் என்று பெயரும் எண்ணும் தேதியும் சேர்த்து. அசல் ஏற்கெனவே நீதிமன்றத்தில் சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருந்தால், அது நீதிமன்றத்தின் வசம் இருக்கும். வழக்கறிஞரிடம் சண்டையிட்டுப் பயனில்லை, நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம்.

அடுத்தது புகார். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவின்கீழ், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி வழக்கறிஞர் கழகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். ஒழுங்கு நடவடிக்கைக் குழு எச்சரிக்கலாம், தொழில் செய்யத் தற்காலிகத் தடை விதிக்கலாம், பெயரையே நீக்கலாம். ஓராண்டுக்குள் முடிக்கப்படாத புகார் இந்திய வழக்கறிஞர் கழகத்துக்கு மாற்றப்பட வேண்டும் என்கிறது 36-பி பிரிவு. மாநிலக் கழகத்தின் முடிவை எதிர்த்து 60 நாள்களுக்குள் இந்திய வழக்கறிஞர் கழகத்துக்கும், அதன்பின் 60 நாள்களுக்குள் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு செய்யலாம். ‘கட்டணம் அதிகம்’ என்பது மட்டும் புகாராக நிற்காது. பணம் வாங்கிக்கொண்டு வழக்கே தாக்கல் செய்யாதது, கட்சிக்காரருக்காக வந்த பணத்தைக் கொடுக்காதது, கணக்குத் தர மறுப்பது, கோப்பைப் பிடித்து வைப்பது, பலனில் பங்கு கேட்பது ஆகியவை நிற்கும். கட்சிக்காரருக்கு வந்த பணத்தைக் கையாடியிருந்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றமும் ஆகும், காவல்துறையிடம் போகலாம்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போக முடியாது. போகலாம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2007இல் சொன்னது உண்மை. ஆனால் வழக்கறிஞரின் சேவை கட்சிக்காரரின் நேரடிக் கட்டுப்பாட்டில் நடக்கும் தனிப்பட்ட பணி ஒப்பந்தம், அது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றிவிட்டது. உரிமையியல் நீதிமன்றத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டோ, கவனக்குறைவுக்கு இழப்பீடு கேட்டோ வழக்குத் தொடுக்கும் வழி திறந்தே இருக்கிறது. வழக்கறிஞர் என்ற காரணத்தால் மட்டும் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து அவர் தப்ப முடியாது என்று மேலே சொன்ன 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவே கூறுகிறது. சிறிய தொகைக்கு இன்னொரு வழக்கா என்று மலைப்பவர்கள், வட்டச் சட்டப்பணிகள் குழுவில் மனுக் கொடுத்து, வழக்குக்கு முந்தைய நிலையிலேயே லோக் அதாலத் மூலம் பேச முயலலாம். அதற்குக் கட்டணம் இல்லை.

ஐந்தாம் படி: எதிர்த்தரப்பிடமிருந்து செலவுத் தொகை பெறுவது

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஆம் பிரிவின் அடிப்படை, தோற்றவர் வென்றவரின் செலவைக் கொடுக்க வேண்டும் என்பதே. அப்படி உத்தரவிடாவிட்டால் நீதிபதி அதற்கான காரணத்தை எழுத வேண்டும். நடைமுறையில் தீர்ப்புகளின் கடைசி வரி, ‘வழக்கின் தன்மையைக் கருதி இருதரப்பினரும் அவரவர் செலவுத் தொகையை அவரவரே ஏற்றுக்கொள்ள வேண்டும்’ என்று முடிவதை அடிக்கடி பார்க்கலாம். சேலம் வழக்கறிஞர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பழக்கத்தைக் கண்டித்தது. நீதிமன்றக் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், தட்டச்சுச் செலவு மட்டுமின்றி, வென்றவர் செலவிட்ட நேரம், போக்குவரத்து, தங்கும் செலவு ஆகியவற்றையும் சேர்த்து, நியாயமான உண்மைச் செலவை வழங்க வேண்டும் என்றது.

ஆறாண்டு கழித்து, 2011இல், அதே உச்ச நீதிமன்றத்தின் முன் இதன் எல்லை என்ன என்ற கேள்வி வந்தது. ஒரு மேல்முறையீட்டில் வென்றவர் தம் வழக்கறிஞர்களுக்குக் கொடுத்த கட்டண ரசீதுகளின் அடிப்படையில் தில்லி உயர் நீதிமன்றம் ₹45,28,000 செலவுத் தொகை விதித்திருந்தது. உண்மைச் செலவு கிடைக்க வேண்டும் என்பது சரியே ஆனாலும், விதிகள் அனுமதிக்கும் அளவைத் தாண்டி நீதிமன்றம் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தொகையை வெட்டியது. விதிகளைத் திருத்த வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது. பொய்யான வழக்கு எனத் தெரிந்தே தொடுத்ததற்காக 35-ஏ பிரிவின்கீழ் விதிக்கக்கூடிய ஈட்டுச் செலவுத் தொகையின் உச்சவரம்பு 1976இல் ₹3,000 ஆக்கப்பட்டது. சாதாரண வழக்குகளில் இன்றும் அதுதான். பொய் வழக்கால் பத்தாண்டு அலைந்தவருக்கு ₹3,000 என்பது கேலியாகவே படும்.

விதிவிலக்கு வணிக வழக்குகள். 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம், ₹3 லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறுகளுக்கு 35ஆம் பிரிவையே மாற்றி எழுதியது. அங்கே நியாயமான சட்டக் கட்டணமும் சாட்சிச் செலவும் செலவுத் தொகைக்குள் அடங்கும். ₹3,000 வரம்பும் இல்லை. நியாயமான சமரச முன்மொழிவை ஒரு தரப்பு காரணமின்றி மறுத்ததா என்பதையும் நீதிபதி கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே வணிக வழக்கில் சமரச முன்மொழிவை எழுத்தில் அனுப்பி வைப்பது பிற்காலத்தில் பணமாகத் திரும்பக்கூடும். நடுவர் தீர்ப்பாயங்களிலும் நடுவர் மற்றும் சமரசச் சட்டத்தின் 31-ஏ பிரிவு ஏறத்தாழ இதே முறையைக் கொண்டுவந்துள்ளது.

குடும்ப நீதிமன்றத்தில் வழி வேறு. வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. போதிய வருமானமில்லாத கணவனோ மனைவியோ, இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்கீழ் இடைக்கால ஜீவனாம்சத்துடன் வழக்குச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள் இதை முடிக்க வேண்டும் என்பதே சட்டத்தின் எதிர்பார்ப்பு. 2020ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இருவரும் சொத்து, கடன் விவரப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். மனுவில் ‘வழக்குச் செலவு’ என்ற கோரிக்கையைத் தனித் தொகையாக எழுத மறந்தால், ஜீவனாம்சம் மட்டும் உத்தரவாகிவிடும்.

இனி, சாதாரண வழக்கில் வென்றவர் செய்ய வேண்டிய வேலை. தீர்ப்பாணையின் கடைசிப் பக்கத்தில் செலவுத் தொகைப் பட்டியல் இருக்கும். ஒரு பக்கம் வாதியின் செலவு, மறுபக்கம் பிரதிவாதியின் செலவு: வழக்குரை மீதான முத்திரைக் கட்டணம், வக்காலத்து மீதான முத்திரை, அழைப்பாணைக் கட்டணம், ஆணையர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம் என வரிசையாக. அந்த வழக்கறிஞர் கட்டண வரிக்கு நேரே தொகை இல்லாமல், சான்றிதழ் தாக்கல் செய்யப்படவில்லை என்று எழுதப்பட்டிருப்பதைப் பல தீர்ப்பாணைகளில் காணலாம். தாம் பெற்ற கட்டணத்தைச் சொல்லும் கட்டணச் சான்றிதழை வழக்கறிஞர் தாக்கல் செய்தால்தான் அந்த வரி நிரம்பும். அதைச் செய்ய அவருக்குத் தனிப்பட்ட ஆர்வம் ஏதுமில்லை. பணம் உங்களுக்குத்தானே வரப்போகிறது. எனவே வாதம் முடிந்து தீர்ப்புக்கு வழக்கு வைக்கப்பட்டவுடன், கட்டணச் சான்றிதழும் செலவுப் பட்டியலும் தாக்கல் ஆகிவிட்டனவா என்று கேட்டு உறுதி செய்ய வேண்டியவர் நீங்கள். வழக்குக்கு முந்தைய சட்ட அறிவிப்பு, தட்டச்சு, ஆவணப் பார்வை, நீதிமன்றம் வழியாக அழைக்காமல் நீங்களே கூட்டிவந்த சாட்சிகளுக்கான செலவு ஆகியவற்றையும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஏ கட்டளையின்கீழ் கேட்கலாம், ரசீது வேண்டும். பட்டியலில் கூட்டல் பிழை இருந்தால் அதே சட்டத்தின் 152ஆம் பிரிவின்கீழ் திருத்தக் கோரலாம்.

வழக்கு சமரசத்தில் முடிந்தால் எதிர்த்தரப்பிடம் செலவு கேட்க முடியாமல் போகலாம். ஆனால் நீதிமன்றக் கட்டணத்தை அரசிடமிருந்து திரும்பப் பெறலாம். லோக் அதாலத்தில் முடிந்தாலும், நீதிமன்றம் அனுப்பிவைத்த சமரச மையத்தில் முடிந்தாலும் இது பொருந்தும். நீதிமன்றத்துக்கு வெளியே கட்சிக்காரர்கள் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டாலும் தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவின் பலன் உண்டு என்று, சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதி செய்து, உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 17ஆம் தேதி கூறியது. முதலில் பார்த்த ₹6 லட்சம் வழக்கில் இது ₹18,000. கட்டணத்தைத் திருப்பித் தருமாறு சமரச மனுவிலேயே கோரி உத்தரவு பெற்றுக்கொள்வது எளிது.

உத்தரவான செலவுத் தொகையும் தீர்ப்பாணையின் ஒரு பகுதியே என்பதால், எதிர்த்தரப்பு கொடுக்காவிட்டால் அசல் தொகையுடன் சேர்த்தோ தனியாகவோ நிறைவேற்று மனு போடலாம். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் காலவரம்பு. வழக்கே தள்ளுபடியாகி, பிரதிவாதிக்குச் செலவுத் தொகை மட்டும் உத்தரவான நிலையிலும் இந்த உரிமை அவருக்கு உண்டு.